பத்தொன்பது குழாய்களும் மூன்று காதுகளும்

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள ஆபரேட்டர் ஐயாவுக்கு,

இங்கே நானும் என் பத்தொன்பது ஒலிபெருக்கிக் குழாய்களும் சௌக்கியம். அங்கே நீங்களும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உங்கள் மனைவியும், உங்கள் இரண்டு பெரிய குழாய்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் தியேட்டரை மூடியபோது நீங்கள் கையோடு கொண்டுவந்த குழாய் ஜோடியின் ஒலி எழுப்பும் யூனிட்டுகள் இரண்டையும், ஒலியைப் பிரிக்கும் பெட்டியையும் பழுது பார்த்து இன்று பார்சலில் போட்டுவிட்டேன். பழைய புடவையில் சுற்றி வைத்திருக்கிறேன். புடவையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அதுவும் அந்தக் காலத்துத் திரைதான்.

இடது யூனிட்டின் கழுத்தில் குளவி மூன்று அறை கட்டியிருந்தது. காலி வீடுதான், யாரையும் வெளியேற்றவில்லை. உள்ளே இருந்த மெல்லிய தகட்டில் மயிரிழை விரிசல். புதுத் தகடு போட்டேன். அதன் கம்பிச்சுருள் காந்தத்தின் இடுக்கில் எந்தப் பக்கமும் உரசாமல் நடுவில் நிற்க வேண்டுமே! மூன்று காகிதக் கீற்றுகளை ஆப்பு மாதிரி செருகி, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு காகிதத்தை உருவினேன். வகுப்பில் சண்டைக்காரப் பிள்ளைகள் இருவரை ஒரே பெஞ்சில் இடிபடாமல் உட்காரவைப்பது போன்ற வேலை.

பெட்டியில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். பிரிக்கும் பெட்டி, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் வாத்தியார் மாதிரி. பெரிய பிள்ளைகள் இப்படி, சின்னப் பிள்ளைகள் அப்படி என்று தடித்த ஒலியைக் கீழே மரப்பெட்டிக்கும் மெல்லிய ஒலியை மேலே குழாய்க்கும் அனுப்பும். குழாய்க்கு எவ்வளவு விடுவது என்பது குமிழின் பொறுப்பு. (உங்களுக்குத் தெரியாததல்ல. சொல்லாமல் இருக்க முடியவில்லை. முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.) அந்தக் குமிழ் தேய்ந்து, திருப்பினால் கரகரவென்றது. கழற்றிவிட்டேன். அதற்குப் பதிலாக, இனி மாறவே மாறாதபடி ஒரு நிலையான மின்தடையைப் பற்றவைத்திருக்கிறேன். அதன் அளவைச் சும்மா வைக்கவில்லை. பன்னிரண்டு நாள் மாலையில் உட்கார்ந்து, மாற்றி மாற்றிப் போட்டு, காதால் தேர்ந்தெடுத்தது.

இனி என் கதை. வீட்டு உரிமையாளர் வீட்டை விற்கிறார். ஏப்ரல் முதல் வாரத்தில் நான் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். போன வாரம் அவள் வந்திருந்தாள். “அம்மா, நீ வா, ராணி மாதிரி இரு. ஆனா குழாய் ஒண்ணுகூட வரக்கூடாது. எங்க வீட்ல துடைப்பம் வைக்கவே இடமில்ல” என்றாள். சரியாகத்தான் சொல்கிறாள்.

ஆகவே நூலகத்துக்குப் போனேன். அங்கே பின்பக்கம் ஒரு கூடம் பூட்டியே கிடக்கிறது. அதைக் கொடுத்தால் எல்லாவற்றையும் அங்கேயே வைத்து, பராமரித்து, வாரம் ஒரு நாள் வருகிறவர்களுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். நூலகருக்கு ஆசைதான். ஆனால் குழுவில் ஐந்து பேர். அவர்கள் மார்ச் 28, சனிக்கிழமை, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிவு சொல்வார்கள். சரி என்றால் கூடம். இல்லையென்றால் பத்தொன்பதும் பழைய இரும்புக் கடைக்கு. இதற்கு நடுவில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஜோடிதான் எனக்கு முன்தேர்வு. மாட்டிக் கேட்டுவிட்டு ஒளிக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
குழாய் டீச்சர்


மார்ச் 8, ஞாயிறு

மதிப்பிற்குரிய டீச்சருக்கு வணக்கம்.

பார்சல் ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தது. குளவியின் வீட்டையும் தனியாகப் பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தீர்கள். வீட்டுக்காரி அதை ஏதோ மருந்து என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டாள்.

அன்றைக்கே மாட்டினேன். கேட்டேன். பிரமாதம்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒழுகல். ஆள் வந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எங்கள் பூனை வியாழக்கிழமை முதல் பக்கத்து வீட்டில் இருக்கிறது. வீட்டுக்காரிக்கும் பின்பக்கத்தில் நிறைய வேலை.

யூனிட்டில் நீங்கள் செய்திருக்கும் வேலையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். திருகு ஒவ்வொன்றின் தலையும் ஒரே திசையில் நிற்கிறது. நாற்பது வருஷத்தில் எங்கள் தியேட்டருக்கு வந்த எந்த மெக்கானிக்கும் இப்படிச் செய்ததில்லை.

ஒரே ஒரு கேள்வி. அந்தப் பழைய குமிழை எறிந்துவிட்டீர்களா? சும்மாதான் கேட்கிறேன்.

வணக்கத்துடன்,
ஆபரேட்டர்


மார்ச் 11, புதன்

அன்புள்ள ஆபரேட்டர் ஐயாவுக்கு,

“பிரமாதம்.” உங்கள் கடிதத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் நான்கு முறை படித்தேன். வாயைத் திறந்து யாரையும் லேசில் பாராட்டாதவர் நீங்கள். தங்கச்சி பின்பக்கம் வேலையாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே இருந்தபடியே கேட்டிருக்குமே, அவ்வளவு தெளிவாக இருந்திருக்கும்!

குமிழ் குப்பைக்குப் போய்விட்டது. அதை நினைத்து வருத்தப்படாதீர்கள்.

கூடத்தில் வைக்கப்போகும் என் ஜோடிக்கும் உங்களுக்குப் போட்ட அதே அளவைத்தான் போட்டிருக்கிறேன். கூடம் பெரியது என்பதால் குழாய்க்கு இன்னும் ஒரு படி கூட்டலாம் என்று எண்ணம். தினமும் காலையில் போட்டுப் பார்க்கிறேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா நான் போட்டதும் ஜன்னலைச் சாத்திவிடுகிறார். பாவம், துணியில் தூசி படியும் என்று பயம் போலிருக்கிறது.

நூலகரிடம், “நாப்பது வருஷம் தியேட்டர்ல ஒலி பார்த்தவரே பிரமாதம்னு எழுதியிருக்கார்” என்று சொல்லி, உங்கள் கடிதத்தையும் காட்டினேன். அவர் அதை வாங்கிக் குழுவின் கோப்பில் வைத்துக்கொண்டார்.

ஏன் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன் என்று மகள் கேட்கிறாள். இந்தக் காலத்துப் போனில் எல்லாருமே கம்பளிக்குள் இருந்து பேசுகிறார்கள். அவளே மென்று விழுங்கித்தான் பேசுகிறாள். சின்ன வயதில் எவ்வளவு கணீரென்று ஒப்பிப்பாள்!

அன்புடன்,
குழாய் டீச்சர்


மார்ச் 14, சனி

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு நான்காவது முறையாக எழுதுகிறேன்.

நான் எழுதியது பொய். பிரமாதமாக இல்லை.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மாட்டி, பாட்டைப் போட்டு, நாற்காலியில் சாய்ந்தேன். ஒரு வரி முடியவில்லை. அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி கத்தினாள்: “யாருங்க கூடத்துல தகரம் வெட்டறது?” பூனை ஜன்னல் வழியாகப் போனது. பாடகி ‘ச’ என்று வரும் இடமெல்லாம் முகத்தில் மணலை வாரி அடித்த மாதிரி இருந்தது. நான் ஒலியைக் குறைத்துப் பார்த்தேன். தடித்த ஒலி காணாமல் போனதே தவிரத் தகரம் போகவில்லை.

உங்கள் கைவேலையில் ஒரு குறையும் இல்லை. உரசல் இல்லை, இரைச்சல் இல்லை. குழாய்க்கு விட்ட அளவுதான் அதிகம். மிக அதிகம். பன்னிரண்டு நாள் மாலையில் உட்கார்ந்து ஒருவர் இப்படி ஓர் அளவைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். மெல்லிய ஒலி உங்கள் காதுக்குக் குறைவாக வருகிறது, டீச்சர். அதனால் நீங்கள் கூட்டிக்கொண்டே போயிருக்கிறீர்கள்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். என் பொய்க்கடிதம் கோப்பில் ஏறிவிட்டது என்று உங்கள் பதிலில் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரி கேட்டாள்: “அவங்ககிட்ட உண்மையைச் சொல்லப் போறீங்களா, இல்ல அஞ்சு பேர் காதைப் பொத்திக்கிட்டு எழுந்து போறதை அவங்களே பார்க்கட்டும்னு விடப் போறீங்களா?” நல்ல மனுஷி. கேள்வி மட்டும் ஆணி மாதிரி இருக்கும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

ஆபரேட்டர்


மார்ச் 19, வியாழன்

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

பதில் வரவில்லை. என் கடிதம் திங்கட்கிழமையே வந்திருக்கும். கோபமாக இருந்தால் கோபமாக இருக்கிறேன் என்றாவது ஒரு வரி போடுங்கள். தபால்காரர் எங்கள் தெருவில் நுழைவதைப் பார்த்தால் வாசலுக்குப் போய் நிற்கிறேன். “என்ன சார், வேலைக்கு எழுதிப் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டார்.

ஆபரேட்டர்


மார்ச் 21, சனி

ஆபரேட்டர் ஐயாவுக்கு,

கோபமாக இருந்தேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் நல்ல கோபம். நாற்பது வருஷம் ரீல் ஓட்டிய பழக்கத்தில் என்னிடமும் ரீல் விட்டிருக்கிறீர்களே என்று கோபம். அதைவிட, இரண்டாவது கடிதத்தில் உண்மையை எழுதினீர்களே என்று கோபம். உங்கள் காதுதான் கெட்டுவிட்டது என்று ஒரு பதிலும் எழுதினேன். ஒட்டுவதற்குள் கை நின்றுவிட்டது. பிள்ளைகளிடம் என்ன சொல்லிக்கொடுத்தேன்? சந்தேகம் வந்தால் சத்தம் போடாதே, சோதித்துப் பார். அந்தப் பாடத்தை நானே படிக்காமல் இருந்தால் எப்படி?

பரணில் இருந்து ஒலியலை எழுப்பும் கருவியை இறக்கினேன். குமிழைத் திருப்பினால் கீழ்ச்சுருதியில் இருந்து கொசு ரீங்காரம் வரை ஒவ்வோர் அதிர்வாக ஏறும். அதனுடன் ஒரு மீட்டரையும் இணைத்தேன். ஒலி இருந்தால் முள் ஆடும். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். “கண்ணை மூடிட்டு, கேக்கற வரைக்கும் விரலைத் தூக்கி வைங்க” என்றேன்.

விநாடிக்கு மூவாயிரம் அதிர்வைத் தாண்டியதும் எனக்கு மங்கியது. ஐந்தாயிரத்தில் நின்றே போயிற்று. அந்த அம்மாவின் விரல் நின்றபடியே நின்றது.

“கேக்குதா?”

“கேக்குது டீச்சர். காதுகிட்ட கொசு நிக்கிற மாதிரி.”

என் மனம் போற்றத்தக்கதல்ல. இவர் சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். சத்தமில்லாமல் கருவியை அணைத்தேன். விரல் இறங்கியது. போட்டேன். ஏறியது. ஏழு முறை செய்தேன். ஏழு முறையும் சரி. முள் ஆடுகிறது, விரல் ஏறுகிறது, எனக்கு மட்டும் அறை அமைதியாக இருக்கிறது. என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான சோதனையை நான் செய்ததே இல்லை.

அதன் பிறகுதான் கேட்டேன், ஏன் ஜன்னலைச் சாத்துகிறீர்கள் என்று. “தப்பா நெனக்காதீங்க டீச்சர். பல்லு கூசுது” என்றார்.

தபால்காரர், வீட்டு உரிமையாளர், நூலகர் என்று மூன்று பேரையும் உட்காரவைத்தேன். வரைபடம் இணைத்திருக்கிறேன். மேலே போகும் நான்கு கோடுகள் அவர்களுடையவையும் தையல்காரம்மாவுடையதும். நடுவழியில் பள்ளத்தில் இறங்கும் சிவப்புக் கோடு நான். வீட்டு உரிமையாளருக்கு எழுபத்திரண்டு வயது, என்னைவிட நாலு வயது மூத்தவர். அவர் கோடுகூட என்னுடையதைவிட மேலே.

ஒரு மளிகைக் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். நேர்மையானவர். ஆனால் அவருடைய எடைக்கல் தேய்ந்துவிட்டது. தினமும் அதையே வைத்து நிறுக்கிறார். தராசு நேராக நிற்கிறது, மனசாட்சியும் நேராக நிற்கிறது. வாங்குகிறவர் வீட்டில்தான் அளவு தவறுகிறது. நான்தான் அந்தக் கடைக்காரர். என் மகள் மென்று விழுங்கவில்லை என்பதும் இப்போது புரிகிறது. பாவம், அவளை இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காது மருத்துவரைப் பார்த்தேன். காதில் வைக்கும் மெஷின் வர இரண்டு வாரமாகும். குழு வருவதோ அடுத்த சனிக்கிழமை. எனக்குக் கேட்காத ஒன்றை நான் எப்படிச் சரிசெய்வது? பாதி கேட்காத வாத்தியார் பாடத் தேர்வு நடத்தக் கூடாது. நூலகருக்கு மறுத்து ஒரு கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன். இரும்புக் கடைக்காரரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். குழாய் ஒன்றைத் தட்டிப் பார்த்து, “நல்ல தடிமன்” என்றார். அதுவும் ஒரு பாராட்டு.

உங்கள் மீது கோபம் இல்லை.

டீச்சர்


மார்ச் 23, திங்கள்
(விரைவுத் தபால்)

டீச்சருக்கு,

அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்குங்கள். நூலகர் வாயில் போட்டிருந்தாலும் பிடுங்குங்கள்.

புதன்கிழமை காலை நாங்கள் இருவரும் வருகிறோம். பையில் புதுக் குமிழ்கள் நான்கு இருக்கின்றன. எல்லாம் வழுக்கிக்கொண்டு திரும்புகின்றன, கரகரப்பு இல்லை. வெள்ளி காலை திரும்பியாக வேண்டும். தொட்டிக்காரன் கடைசியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவனை விட்டால் அடுத்த வருஷம்தான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உண்மை எழுதப் பழகிவிட்டதால் வருவது. எனக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. புரொஜக்டர் அறையில், வலது பக்கச் சுவரில், காதுக்கு ஒரு சாண் தூரத்தில், படத்தின் ஒலியைச் சோதித்துக் கேட்கும் எங்கள் குழாய் இருந்தது. நாற்பது வருஷம். ஆகவே ஜோடிக் குழாய் என்று நீங்கள் பக்கம் பக்கமாக எழுதும்போதெல்லாம் எனக்கு அது ஒற்றைக் குழாய்தான். வெட்கப்பட்டுச் சொன்னதில்லை. நீங்கள் வரைபடமே போட்டு அனுப்பிய பிறகு எனக்கென்ன வெட்கம்?

என் வீட்டுக்காரிக்கு இரண்டும் நன்றாகக் கேட்கும். நான் மூன்றாவது வீட்டில் பேசியதையும் வந்து திருப்பிச் சொல்வாள். ஆக எங்கள் இருவருக்கும் சேர்த்து மூன்று காது. உங்களுக்கு மீட்டர் இருக்கிறது, கை இருக்கிறது. ஒரு கூடத்துக்கு இது போதும்.

அவளிடம் சொன்னேன். “எனக்குக் குழாயப் பத்தி என்ன தெரியும்?” என்றாள். தகரம் எது, பாட்டு எது என்று தெரியுமில்லையா என்றேன். “அது தெரியும்” என்றாள்.

ஆபரேட்டர்


ஏப்ரல் 5, ஞாயிறு

அன்புள்ள ஆபரேட்டர் ஐயாவுக்கும் தங்கச்சிக்கும்,

தொட்டி ஒழுகுவது நின்றதா? நீங்கள் அந்த வெள்ளிக்கிழமை, 27ஆம் தேதி பஸ் ஏறியதில் இருந்து நடந்ததை எல்லாம் எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது.

தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்து, “இன்னும் குறைங்க... இன்னும்... அவ்ளோதான், தொடாதீங்க” என்று சொன்ன இடத்தில் குமிழை அப்படியே விட்டேன். அந்த அளவில் எனக்குப் பாட்டு போர்வை போர்த்திக்கொண்டு வந்தது. உங்களுக்குச் சொல்லவில்லை, சனிக்கிழமை காலை வரை கை துறுதுறுத்தது. ஒரு மயிரளவு ஏற்றலாமே என்று இரண்டு முறை குமிழ்கிட்டப் போய்விட்டுத் திரும்பினேன். என் காதை நம்பாமல் இன்னொருவர் காதை நம்புவது, கண்ணைக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குவது போல இருக்கிறது.

ஐந்து பேரும் வந்தார்கள். முதல் பாட்டு முடிந்ததும் நான் அவர்கள் முகத்தைத்தான் பார்த்தேன். யாரும் பல்லைக் கடிக்கவில்லை. மூன்றாவது பாட்டில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் என்று வந்தவர்கள் இரண்டரை மணி நேரம் இருந்தார்கள்.

பிறகு நான் எழுந்து, கோப்பில் இருக்கும் உங்கள் பழைய கடிதம் பொய் என்று சொல்லிவிட்டேன். இந்த அளவை வைத்தது என் சிநேகிதரின் மனைவி, என் காது ஐந்தாயிரத்தோடு சரி என்றும் சொன்னேன். நூலகர் தலையில் கை வைத்துக்கொண்டார். மீசைக்காரர் ஒருவர் கேட்டார்: “காது சரியில்லாதவங்க கையில இதையெல்லாம் எப்படிம்மா ஒப்படைக்கிறது?”

“இங்க புத்தகம் தேர்ந்தெடுக்கிறது யாருங்க?”

“நான்தான்.”

“மூக்குல இருக்கிறதைக் கழட்டிட்டா தேர்ந்தெடுப்பீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு அவரேதான் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கூடத்தில் பதினாறு குழாய்தான் அடங்கும் போலிருக்கிறது. மீதி மூன்றை நேற்று பார்சல் வண்டியில் ஏற்றிவிட்டேன். உங்கள் முகவரிக்குத்தான். தங்கச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நேற்று முன்தினம் காது மெஷின் வந்தது. முதல் நாள் முழுவதும் வீடே என்னோடு சண்டைக்கு வந்தது. மின்விசிறி இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாது. மகளைப் போனில் கூப்பிட்டேன். அவள் கணீரென்று பேசினாள். நான் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கும்மா?” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருவரும் சிரித்துவிட்டோம்.

அப்புறம் ஓர் ஆசை வந்தது. கூடத்துக்குப் போய், குமிழைக் கழற்றி, பன்னிரண்டு மாலை உட்கார்ந்து நான் தேர்ந்தெடுத்த அந்தப் பழைய மின்தடையை மறுபடி மாட்டி, பாட்டைப் போட்டேன். ஐயா! அரை நிமிஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் அணைத்தேன். நூலகர் புத்தகக் கட்டோடு வந்து, “என்ன விழுந்துச்சு?” என்று கேட்டார். இதைக் கேட்டுவிட்டா எனக்கு ‘பிரமாதம்’ என்று எழுதினீர்கள்? அதை எழுத எவ்வளவு அன்பு வேண்டும் என்று நின்று யோசித்தேன். மறுத்து எழுத அதைவிட எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்பதையும் யோசித்தேன்.

நாளை மகள் வீட்டுக்குக் குடிபோகிறேன். புது முகவரி பின்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து நூலகத்துக்கு ஒரே பஸ்.

ஒரு வேண்டுகோள். நான் அனுப்பும் ஏதாவது இனி நன்றாக இல்லை என்றால் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். எனக்குக் கோபம் வரும். ஐந்து நாள் இருக்கும். அதற்குள் கவலைப்பட்டு வாசலில் போய் நிற்காதீர்கள்; ஆறாவது நாள் நானே எழுதிவிடுவேன்.

என்றும் அன்புடன்,
குழாய் டீச்சர்